மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்

சமணர்கள் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறவர்கள். மலைக்குகையில் கல்லில் படுக்கை வெட்டிப் படுத்தார்கள், நிறைய எழுதினார்கள், அப்புறம் மறைந்து போனார்கள் என்று படித்து, பரீட்சையும் எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அப்படி மறைந்துபோனவர்களில் ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தினமும் "ஹலோ, திண்டிவனம் எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியவே பல மாதம் ஆயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். நான் பிறந்தது ஒலக்கூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். வேலை கிடைத்தது திண்டிவனத்தில், டெலிபோன் ஆபரேட்டராக. காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து, முண்டியம்பாக்கத்தில் அடிக்கிற கரும்பாலை நாற்றத்துக்கு மூக்கை மூடி, விக்கிரவாண்டியில் ஏறுகிற காய்கறிக் கூடைகளோடு மல்லுக்கட்டி, வேலைக்கு வந்து சேருவேன். அந்தக் காலத்தில் சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட வேண்டுமென்றால் எங்கள் தொண்டை வழியாகத்தான் போயாக வேண்டும். லைன் கரகரக்கும். நாங்கள் கத்துவோம். ஊரில் எல்லாருடைய பெயரையும் உரக்கக் கூப்பிட்டே எனக்குக் குரல் தடித்துப் போனது.

அவள் மட்டும் கத்த மாட்டாள். மெதுவாகத்தான் பேசுவாள், ஆனாலும் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும். செஞ்சிக்குக் கிட்டே மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. திண்டிவனத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனால் முதல் நாளே 'வாடி போடி' ஆகிவிட்டோம். முட்டி வரை பின்னல். தலையில் ஹெட்செட்டை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் முடி கலைந்துவிடும். டூட்டி முடிந்ததும் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து அவிழ்த்துச் சீவிப் பின்னிவிடுவது என் வேலை. யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது.

ஒரு நாள் என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை அவள் சோற்றில் வைக்கப் போனேன். டப்பாவை இழுத்துக்கொண்டாள்.

"கெழங்கு சாப்பிட மாட்டேன்."

"ஏன், வாயுவா?"

"எங்க வீட்ல மண்ணுக்குக் கீழ வெளையற கெழங்கு எதுவும் சாப்பிட மாட்டோம்."

"நீ ஐயரு வீட்டுப் பொண்ணா?"

"இல்ல. நாங்க நயினாருங்க. ஜைனம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜைனம்னா சேட்டுங்கதானே? வட்டிக் கடை வெச்சிக்கினு இருப்பாங்களே. நீ என்ன என்னை மாதிரியே பேசற?"

அவளும் சிரித்தாள். "உங்க ஒலக்கூருன்னு ஒரு ஊரு வர்றதுக்கு முன்னாடியே நாங்க இங்க தமிழ் பேசிக்கினு இருந்தோம். பயிர் வெச்சிக்கினு இருந்தோம். போய் உங்க வாத்தியாரைக் கேளு."

நிஜமாகவே அதிர்ந்து போனேன். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நாட்டிலுள்ள எல்லா மாநிலத்து ஆணும் பெண்ணும் அவரவர் உடையில் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். நாகாலாந்துக்காரன் தலையில் இறகு, ராஜஸ்தான்காரிக்குக் கை நிறைய வளையல். தமிழ்நாட்டுக்கு வேட்டி கட்டியவர் ஒருத்தர், புடவை கட்டியவள் ஒருத்தி. அந்தப் படத்தைப் பார்த்து நாகாலாந்தில் எப்படி இருப்பார்களோ என்று நான் வியந்திருக்கிறேன். செஞ்சி பஸ்ஸில் ஏறினால் வேறொரு உலகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளைக் கேலி செய்ய எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. அவள் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். கொசு கடித்தால் ஊதி விடுவாள், அடிக்க மாட்டாள். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. சாயங்கால டூட்டியில் நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, "ஜல்தி, ஜல்தி, சூரியன் எறங்கறாரு, ஓடிப்போய் சாப்பிடு" என்று விரட்டுவேன். அவள் ஸ்விட்ச்போர்டையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்றால் உயிர். "மண்ணுக்குள்ளதானே மல்லாட்டையும் காய்க்குது? அது மட்டும் எப்படி?" என்று நான் மடக்கினால், "செடி காய்ஞ்ச பெறகு புடுங்கறோம். அது கெழங்கு இல்ல, கொட்டை" என்று வக்கீல் கணக்காகப் பதில் சொல்வாள். நாள் முழுக்க இந்தச் சண்டை ஓடும்.

என் பெண்ணுக்குக் காது குத்தினபோது அவளைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தேன். வந்தாள். எங்கள் வழக்கப்படி குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. அப்புறம் கிடா வெட்டினார்கள். அவள் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு நின்று அழுதாள். எனக்குச் சங்கடமும் கோபமும் சேர்ந்து வந்தது. "இது எங்க வழக்கம். இதுல அழறதுக்கு என்ன இருக்கு? உனக்குப் புரியாது, வுடு" என்று அதட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். வெறும் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். அதைப் பற்றி அவள் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கிருந்த ஒரே குறை, அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான். முப்பதைத் தாண்டிவிட்டாள். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அண்ணி. "எங்க சனத்துல வீடே கொஞ்சம்டி, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்" என்பாள். நான் விடுவேனா? விழுப்புரத்தில் விசாரித்து, வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பையன் ஒருத்தன், பாங்கில் வேலை, கண்ணாடி போட்டவன், அவன் ஜாதகம் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு. அன்று வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம், "பாத்துக்கினே இருங்க, தையில கல்யாணம்" என்று அளந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவள் நீண்ட லீவு போட்டு ஊருக்குப் போனாள். அம்மாவுக்குத் துணைக்கு என்றாள். அவள் நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணிடம் காரணமில்லாமல் எரிச்சலாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவளுடைய அண்ணன் ஆபீஸுக்கே வந்தார். கையில் மஞ்சள் பை. வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நீட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஊர்ல பெருசா பண்றோம்மா. ஊர்வலம், சாப்பாடு எல்லாம் இருக்கு. நீங்க அவசியம் வரணும்னு தங்கச்சி சொல்லி அனுப்பிச்சிது."

"எனக்குத் தெரியும்ணே, எனக்கு அப்பவே தெரியும்!" என்று நான் எகிறிக் குதித்தேன். "வராம இருப்பேனா? மொத ஆளா நிப்பேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். போர்டில் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன, நானும் அவசரத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை இல்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வழக்கத்தில் வெற்றிலை பாக்குதான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மற்றவர்கள் வழக்கம் தெரியாதபோது நாமே ஒன்றை இட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை அவளுக்கு. ஒரு எவர்சில்வர் குடம். வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பந்து. செஞ்சியில் இறங்கி வேறு பஸ் மாறி, அந்த ஊர் முனையில் இறங்கினபோதே மேளச் சத்தம் கேட்டது. வழியெல்லாம் தோரணம், வாசலெல்லாம் கோலம். என் தேர்வு சோடை போகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

எதிரே ஊர்வலம் வந்தது. முன்னால் நாதஸ்வரம். அதற்குப் பின்னால் மூடியில்லாத ஒரு ஜீப், முழுக்கப் பூ அலங்காரம். அதில் அவள். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், இரண்டு கையிலும் மருதாணி. அத்தனை அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. சிரித்த முகமாக இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். பெண்கள் பாடிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜீப்பண்டை போனேன். அவள் பார்த்துவிட்டாள். கையை நீட்டி என்னை மேலே இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கை சில்லென்றிருந்தது. மல்லிகைப் பந்தைப் பிரித்து அவள் பின்னலில் நானே வைத்தேன்.

"எங்கடி மாப்பிள்ளைய ஒளிச்சி வெச்சிருக்க?" என்று காதில் கேட்டேன். "தனியா ஊர்வலம் வர்ற? அவரு முன்னாடியே மண்டபத்துக்குப் போயிட்டாரா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முதலில் புரியாத பார்வை. அப்புறம் புரிந்துகொண்டாள். கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தாள். மேளச் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டு நானும் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினேன். மணப்பெண் தோழி மாதிரி. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கோயிலுக்கு எதிரே பெரிய பந்தல். ஜீப்பிலிருந்து இறங்கியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்து அழைத்துப் போனார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன் வரிசைக்குப் போனேன். மேடையில் மணவறை இல்லை. ஹோமகுண்டம் இல்லை. ஒரு சதுரப் பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி, அதில் பச்சரிசியால் ஒரு ஸ்வஸ்திகம் போட்டிருந்தது. பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு வயதான சாமியார் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். குழந்தை குட்டியோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். வயதுப் பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் கூச்சமில்லை. நான் ஒருத்திதான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பக்கமாக வெள்ளைச் சேலை போர்த்திய பெண்கள் இரண்டு பேர். மொட்டைத் தலை. கையில் மயில்பீலிக் கற்றை.

பக்கத்திலிருந்த அம்மாளிடம் கேட்டேன். "கல்யாணத்துல இவங்கள்லாம் எதுக்கு வந்துகிறாங்க?"

"யாரு கல்யாணம்?"

"பொண்ணு... இப்ப ஊர்வலம் வந்துச்சே."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மடியிலிருந்த குடத்தையும் பார்த்தாள். "நீ எந்த ஊரும்மா? அது தீட்சை வாங்குது. துறவு. இன்னையோட வீடு, வாசல், சொந்தம், பந்தம் எல்லாத்தையும் வுட்டுடுது. கடைசியா ஒரு வாட்டி ஜோடிச்சிப் பாக்கறது எங்க வழக்கம்."

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தேன். அது உருண்டு ஒரு சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் அவள் இருக்கிறாள் என்றார்கள். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். "ஏன்ணே எங்கிட்ட சொல்லல?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "தெரியும்னு நீங்கதானம்மா சொன்னீங்க" என்றார். கண் சிவந்திருந்தது. "நாங்க ரெண்டு வருஷமா தடுத்துப் பாத்துட்டோம். அது கேக்கல. நீங்க சொன்னா கேக்குமோ என்னமோ. போங்க."

உள்ளே நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அண்ணியை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"வா, கெளம்பு. பின்னாடி வழியா போயிடலாம். என் வீட்ல இரு. யார் கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

"உக்காருடி."

"உக்கார மாட்டேன். யாரு மேல உனக்குக் கோவம்? அண்ணி ஏதாவது சொன்னாங்களா? அந்த பாங்கு பையன் வேணாம்னுட்டானா? கல்யாணம் ஆவலைன்னா ஆவாம போவட்டும். அதுக்காக இப்படியா?"

"யாரு மேலயும் கோவம் இல்ல. அந்த ஜாதகத்த நான் வீட்ல காட்டவே இல்ல." அவள் தோட்டைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "கல்யாணம் ஆவாததால போறேன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. நீயும் அதையே நெனைக்காத. எனக்கு இதுதான் வேணும். சின்ன வயசுலேர்ந்து வேணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"காலை ஒடச்சி வீட்ல போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவள் சிரித்தாள். "இது என்ன வழக்கம்? உயிரோட இருக்கறவள சாவடிக்கற வழக்கம்" என்று கத்தினேன்.

அவள் கையை நிறுத்தினாள். "உங்க கோயில்ல ஆட்ட வெட்டும்போது நான் அழுதேன். நீ என்ன சொன்ன? எங்க வழக்கம், உனக்குப் புரியாதுன்ன. நான் திருப்பி ஒரு வார்த்தை கேட்டேனா? கொழந்தைய மடில வெச்சிக்கினு அந்தச் சாமியக் கும்பிட்டுட்டுத்தானே வந்தேன்?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடு வேறு, இவள் வேறு. அதைச் சொல்வதற்குள் கதவைத் தட்டினார்கள்.

பந்தலில் அவள் பலகைக்கு முன்னால் நின்றாள். சாமியார் மெல்லிய குரலில் வீட்டாரின் சம்மதம் உண்டா என்று கேட்டார். வீட்டார் மனம் ஒப்பாமல் தீட்சை தர மாட்டார்களாம். எனக்கு உயிர் வந்தது. அவள் அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"நான் போய் வர்றேன்னு சொல்ல மாட்டேன்மா. போறேன். அனுமதி குடுங்க" என்றாள் மகள்.

"குடுத்தேன்" என்றாள் அம்மா. பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். குரல் நடுங்கவில்லை. பெற்ற வயிறா இது என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போதே தாய்மார்கள் ஊரைக் கூட்டி அழுவார்கள். இவள் என்னடாவென்றால் கடையில் சாமான் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறாள். அண்ணனைக் கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சபையைக் கேட்டார்கள். 'சம்மதம் சம்மதம்' என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எழுந்து 'சம்மதமில்லை' என்று கத்த வேண்டும் என்று இருந்தேன். திண்டிவனத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கத்துகிற தொண்டை. அன்றைக்குக் காற்றுதான் வந்தது.

அப்புறம் அவள் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். இதுவும் வழக்கம். யாரிடமும் பகையோ பாக்கியோ வைத்துக்கொண்டு போகக் கூடாது. என் முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோவற மாதிரி ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சிடு."

"மன்னிக்க மாட்டேன், போடி" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவள் திடுக்கிடவில்லை. "நான் உன்ன மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அடுத்து நடந்ததை எழுத இப்போதும் கை தயங்குகிறது. அவளைப் பலகையில் உட்கார வைத்தார்கள். பின்னலிலிருந்த என் மல்லிகையை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். பின்னலை அவிழ்த்தார்கள். நீளத்தைக் கத்தரித்தார்கள். மொட்டை அடிக்கப் போகிறார்கள், திருப்பதியில் அடிக்காததா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாவிதரைத் தேடினேன். அப்படி யாரும் வரவில்லை. ஒரு கிண்ணத்தில் சாம்பல் வந்தது. அவள் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, உச்சியிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது.

நான் அலறிவிட்டேன். என்னைத் தவிர யாரும் அலறவில்லை. பந்தல் முழுக்க மெல்லிய குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "அழாத. உடம்பு மேல ஆசை விட்டுச்சான்னு காட்டறதும்மா இது" என்றாள். பலகையில் அவள் மறுபடியும் இழுத்தாள். மறுபடியும். பிறகு வெள்ளைச் சேலைப் பெரியவள் அருகில் உட்கார்ந்து மிச்சத்தைப் பிடுங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவள் கண்ணோரம் நீர் தானாக வழிந்தது, ஆனால் வாய் மந்திரத்தை விடவில்லை. அங்கங்கே ரத்தம் துளிர்த்தது. நான் பேன் பார்த்த தலை, எண்ணெய் வைத்த தலை. ஒரு முடி சிக்கினாலே 'மெதுவாடி' என்று என் தொடையில் அடிப்பவள்.

அவள் அம்மா பலகைக்குக் கீழே மடியில் வெள்ளைத் துணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். பிடுங்கின முடியெல்லாம் அந்த மடியில் விழுந்தது. ஒரு இழைகூடத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெற்றவளா கல்லா என்று வாய்விட்டே சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

முடிந்ததும் அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தினார்கள். மயில்பீலி கொடுத்தார்கள், நடக்கும்போது எறும்புகூட மிதிபடாமல் ஒதுக்கிவிட. ஒரு கமண்டலம் கொடுத்தார்கள். இனி அவளுடைய சொத்து இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பாடு, அதையும் நின்றபடியே... இல்லை, பெண்கள் உட்கார்ந்து கையில் ஏந்திச் சாப்பிடுவார்களாம். வண்டி வாகனம் ஏறக் கூடாது, எங்கும் நடைதான். சாமியார் புதுப் பெயரைச் சொன்னார். சபை திரும்பச் சொன்னது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பழைய பெயரையும்.

அப்போதுதான் அவள் அம்மா எழுந்தாள். முடி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகளுக்கு முன்னால் முழங்காலிட்டாள். தலை தரையில் படக் கும்பிட்டாள். தாய் மகளைக் கும்பிடுகிறாள். மகள் குனிந்து தூக்கவில்லை. மயில்பீலியை உயர்த்தி ஆசி சொன்னாள், எல்லாருக்கும் சொன்ன அதே மாதிரி. முடி பிடுங்கினதைவிட அது என்னைப் பெரிதாக அடித்தது.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று அவர்கள் மேல்சித்தாமூர் சமண மடத்துக்குக் கிளம்பினார்கள். வெறுங்காலில், சாமியார் முன்னால், வெள்ளைச் சேலைகள் மூன்றும் பின்னால். ஊர் எல்லை வரைக்கும் எல்லாரும் கூடவே போய் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் சொந்தக்காரர்கள் தொடரக் கூடாது என்றார்கள். நான் சொந்தக்காரி இல்லையே. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே போன வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் ஓடினேன். மூச்சு வாங்கி நின்றேன்.

பந்தலில் 'சம்மதமில்லை' என்று சொல்ல வராத குரல் அப்போது வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அடிவயிற்றிலிருந்து, மோசமான லைனில் கத்துகிற மாதிரி.

திரும்பவில்லை. நடையில்கூடத் தயக்கம் இல்லை. கேட்காமல் இருக்க வழியில்லை, அவ்வளவு கிட்டத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பின்னால் யாரோ வருகிற சத்தம். அவள் அம்மா. எல்லையில் நிற்காமல் வந்துவிட்டிருந்தாள். இடுப்பில் அந்த மூட்டை அப்படியே இருந்தது.

"அந்தப் பேர்ல இப்ப யாரும் இல்லம்மா" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று திரும்பினேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. காலையிலிருந்து அசையாமல் இருந்த தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"எங்க சனம் இனிமே அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது. பெத்தவ நான் சுத்தமா கூப்புடக் கூடாது." பாதையைப் பார்த்தபடியே பேசினாள். "நீ எங்க சனமில்ல. உனக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்ல."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி கூப்புடும்மா. அது திரும்ப வேணாம். நான் கேட்டுக்கறேன்."

வெள்ளைச் சேலைகள் பனைமரங்களண்டை திரும்பிக்கொண்டிருந்தன. நான் கூப்பிட்டேன். அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.